ஆளுக்கு 16 சதவீதம்

அப்பா போய் மூன்றரை வருஷம் கழித்துத்தான் எங்கள் வீட்டுப் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கடைசிக் கையெழுத்து விழுந்தது. நாலு பேர், சமபங்கு, ஒரு தொழில், அதோடு அவர் கட்டிக் காத்த ஒரு சின்னக் கால்பந்துக் கழகம். வக்கீல், மதிப்பீட்டாளர், ஆடிட்டர் என்று 9 லட்சத்துக்கு மேல் கரைந்தது. அதைவிட உறுத்துவது, அந்த நடுவில் இரண்டு தீபாவளிக்குத் தம்பி வீட்டு வாசலை மிதிக்கவில்லை என்பது. யார் என்ன சொன்னார்கள் என்ற கதை எங்கள் வீட்டோடு இருக்கட்டும். தூக்கம் வராத அந்த ராத்திரிகளில் நான் தேடிப் பிடித்துப் படித்தது டான் ரூனி என்ற ஒரு மனுஷரைப் பற்றி. அப்பா இருக்கும்போதே அதைப் படித்திருந்தால் பாதிச் சண்டை வந்திருக்காது. அதனால்தான் எழுதுகிறேன். அவர் அமெரிக்காவில் ஒரு ஃபுட்பால் அணியை நடத்தியவர். குடும்பம், ஊர் இரண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டவர் என்று அவரைச் சொல்லாதவர்கள் இல்லை. ஆனால் அந்தப் பிடியை அவர் எத்தனை காகிதத்தில், எத்தனை விதியில், எவ்வளவு செலவில் காப்பாற்றினார் என்பதை யாரும் விரித்துச் சொல்வதில்லை.

ஃபுட்பால் என்றால் நம் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு முட்டி மோதி ஓடும் அமெரிக்க ஆட்டம். பிட்ஸ்பர்க் இரும்பாலை ஊர். அந்த ஊர் அணியான ஸ்டீலர்ஸை 1933-ல் 2,500 டாலர் கட்டி ஆரம்பித்தவர் ஆர்ட் ரூனி, குதிரைப் பந்தயத்தில் பேர் போனவர். அதற்கப்புறம் ஏறக்குறைய 40 வருஷம் அணி தோற்றுக்கொண்டே இருந்தது. ஊர் அவரை விரும்பியது, அணியைச் சகித்துக்கொண்டது. அவருக்கு ஐந்து பையன்கள். டான் மூத்தவர், 1932-ல் பிறந்தவர், டுகேன் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படித்தவர். அடுத்து ஆர்ட் ஜூனியர், டிம், கடைசியில் பேட்ரிக், ஜான் என்ற இரட்டையர். டான் படிப்பு முடித்து அப்பாவின் அலுவலகத்துக்கே வந்தார், 1975-ல் தலைவரானார். அவர் காலத்தில் அணி ஆறு முறை சூப்பர் பவுல் என்ற இறுதிப் போட்டியை ஜெயித்தது. அவருக்கு ஒன்பது பிள்ளைகள்.

இனி பங்குக் கதைக்கு வருகிறேன். அப்பா ஆர்ட் ரூனி தன் பையன்களுக்குள் வித்தியாசம் பார்க்கவில்லை. ஆளுக்கு 16 சதவீதம், ஆக 80. மீதி 20 சதவீதம் உறவுக்காரர்களான மெக்கின்லி குடும்பத்திடம். 1988 ஆகஸ்டில் அவர் இறந்தார். நியாயமான அப்பா என்று நாமும் சொல்வோம், எங்கள் அப்பாவையும் அப்படித்தான் ஊர் சொன்னது. ஆனால் கணக்கைப் பாருங்கள். அணியை நாள்தோறும் நடத்துகிற டானுக்கும் 16, வேறு ஊரில் வேறு தொழில் பார்க்கிற தம்பிக்கும் 16. அண்ணன்தம்பி மனசு ஒத்துப்போகிறவரை அந்த 16 யார் கண்ணிலும் படாது. ஒத்துப்போகாத நாளில் அது மட்டும்தான் கண்ணில் படும்.

அந்த நாள் இருபது வருஷம் கழித்து வந்தது, அதுவும் சண்டையால் வரவில்லை. அணிகள் எல்லாம் சேர்ந்து ஆடும் அமைப்பான லீக்கின் அன்றைய சட்டப்படி அணி முதலாளிகள் சூதாட்டத் தொழிலில் இருக்கக் கூடாது. ரூனி குடும்பத்திடம் நியூயார்க் பக்கம் யாங்கர்ஸ் குதிரைப் பந்தயத் திடலும், ஃபுளோரிடாவில் பாம் பீச் நாய்ப் பந்தயத் திடலும் 1970-களின் தொடக்கத்திலிருந்தே இருந்தன. பந்தயம் தானே, பழைய குடும்பம் தானே என்று லீக் கண்டும் காணாமல் இருந்தது. 2006-ல் யாங்கர்ஸ் திடலில் காசு போட்டு விளையாடும் இயந்திரங்கள் வந்தன. பாம் பீச்சில் போக்கர் மேஜைகள் நிறைந்தன. பந்தயத் திடல் சூதாட்டக் கூடமாக மாறியபின் லீக்கால் கண்ணை மூடிக்கொள்ள முடியவில்லை. இரண்டில் ஒன்றைக் கைவிடுங்கள் என்றது. இங்கே ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். எழுத்தில் இல்லாத ஒரு சலுகையை நம்பி உங்கள் தொழில் நடக்கிறதா? வாடகை ஒப்பந்தம் இல்லாத குடோன், யாரோ ஒரு அதிகாரி வாய் வார்த்தையாக விட்டுக்கொடுத்த மைதானம், அப்பா முகத்துக்காகக் கடன் கொடுக்கிற மொத்த வியாபாரி. அப்பா இருக்கும்போதே இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அவர் போன மறுமாசம் முதலில் காணாமல் போவது இவைதான். எங்கள் கழகத்துக்கு மைதானச் சாவி அப்படித்தான் போனது.

இரண்டாவது முடிச்சு இன்னும் மோசம். லீக்கின் அன்றைய இன்னொரு விதிப்படி அணியின் முதன்மை உரிமையாளர் குறைந்தது 30 சதவீதம் வைத்திருக்க வேண்டும். டானிடம் இருந்தது 16. அந்தச் சமயத்தில் வணிக இதழ்கள் அணியின் மதிப்பை ஏறத்தாழ 100 கோடி டாலர் என்று போட்டன. குறைகிற 14 சதவீதத்துக்கு, அந்தக் கணக்கில், 14 கோடி டாலர் வேண்டும். டானுக்கு ஃபுட்பாலைத் தவிர வேறு பெரிய தொழில் கிடையாது. மதிப்பில் கோடீஸ்வரர், கையில் காசு இல்லாதவர். ஊரில் பத்து ஏக்கர் வைத்துக்கொண்டு பையன் காலேஜ் ஃபீஸுக்கு அலைகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், அதே நிலைதான்.

மூன்றாவது முடிச்சைத் தம்பிகளின் பக்கம் நின்று பார்த்தால்தான் புரியும். இதைப் படிக்கும்வரை நான் பெரியவர் பக்கமே நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். தம்பிகள் அறுபது, எழுபது வயதுக்காரர்கள். அமெரிக்காவில் இறந்தவரின் சொத்துக்கு வரி உண்டு. 2008-ல் 20 லட்சம் டாலர் விலக்குக்கு மேல் உச்ச விகிதம் 45 சதவீதம், பொதுவாக இறந்து 9 மாதத்துக்குள் கட்ட வேண்டும். 100 கோடியில் 16 சதவீதம் 16 கோடி. அதற்கு வரி மட்டும் சுமார் 7 கோடி டாலர். இந்தப் பங்கைத் தெருவில் விற்க முடியாது, சிறுபான்மைப் பங்குக்கு வாங்குகிறவனும் குறைவு, ஆண்டு ஈவு அந்த அளவுக்கு வராது. தம்பி கண்ணை மூடினால் அவர் பிள்ளைகள் ஒன்பது மாதத்தில் 7 கோடிக்கு எங்கே போவார்கள்? ஆக நல்ல விலைக்கு விற்க வேண்டும் என்று தம்பிகள் நினைத்ததில் பேராசை எதுவும் இல்லை. அண்ணனிடம் குறைந்த விலைக்குக் கொடுத்தால் அது தன் பிள்ளைகள் வாயிலிருந்து எடுத்துக் கொடுப்பது. வெளியாளிடம் கொடுத்தால் அப்பாவின் அணி கைமாறும். இந்த இக்கட்டில் நல்லவர் கெட்டவர் என்று யாருமே கிடையாது என்பது எனக்கு உறைக்கவே மூன்று வருஷம் ஆயிற்று.

2008 ஜூலையில் விஷயம் செய்தித்தாளுக்கு வந்துவிட்டது. ஸ்டான்லி டிரக்கன்மில்லர் என்ற பெரிய முதலீட்டாளர், அவரே ஸ்டீலர்ஸ் ரசிகர், பங்குகளை வாங்கப் பேசிக்கொண்டிருந்தார். ஊரே கொதித்தது. வெளியில் ஒருவர் விலை சொல்லிவிட்டால் அதற்கப்புறம் வீட்டுக்குள் பேசுகிற ஒவ்வொரு விலையும் அதோடு ஒப்பிடப்படும். இதை நாங்களும் அனுபவித்தோம். ஒரு நில வணிகர் எங்கள் குடோனுக்குப் போகிற போக்கில் ஒரு தொகை சொல்லிவிட்டுப் போனார். வாங்கவும் இல்லை, அட்வான்ஸ் கொடுக்கவும் இல்லை. ஆனால் அந்தத் தொகையைப் பிடித்துக்கொண்டு எட்டு மாசம் பேச்சு நகரவில்லை. டிரக்கன்மில்லர் செப்டம்பரில் விலகினார். அதே மாதம் அமெரிக்க வங்கிகள் சரிந்தன. கடன் கிடைப்பதே அரிதான அந்தக் காலத்தில்தான் டானும் மகன் ஆர்ட் ரூனி இரண்டாமவரும் ஏற்பாட்டை முடித்தார்கள். டிம், பேட்ரிக் இருவரும் முழுப் பங்கையும் விற்று வெளியேறிப் பந்தயத் திடல் தொழிலோடு இருந்துகொண்டார்கள். மற்றவர்கள் ஒரு பகுதியை மட்டும் விற்றார்கள். டானும் மகனும் சேர்ந்து 30-ஐத் தொட, மிச்சத்தைப் புதுச் சிறுபங்காளிகள் சிலர் எடுத்துக்கொண்டார்கள். 2008 டிசம்பர் 17 அன்று லீக்கின் மற்ற உரிமையாளர்கள் ஒப்புதல் கொடுத்தார்கள். ஆறே வாரத்தில், 2009 பிப்ரவரி 1 அன்று, அரிசோனாவை 27-23 என்று வென்று ஆறாவது சூப்பர் பவுல்.

அந்தப் புதுப் பங்காளிகளில் ஒருவர் பெயரை மட்டும் சொல்லிவைக்கிறேன்: ஜான் ஸ்டால்வர்த். பின்னால் வருவார்.

இதிலிருந்து நம் வீட்டுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியவற்றைச் சட்டத்தோடு சேர்த்தே சொல்கிறேன். பணத்தில் சமபங்கு கொடுங்கள். கட்டுப்பாட்டைச் சமமாக வெட்டாதீர்கள். நாலு பேருக்கு ஆளுக்கு 25 என்றால் இரண்டுக்கு இரண்டு நின்று எந்தச் சாதாரணத் தீர்மானமும் நிறைவேறாது. தலைவருக்குக் கூடுதல் வாக்கு என்று கம்பெனி விதிகளில் முன்பே எழுதியிருந்தால்தான் உண்டு. இன்னொரு தப்புக் கணக்கும் உண்டு. 25 சதவீதம் கையில் இருந்தால் சிறப்புத் தீர்மானத்தைத் தடுத்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன். எதிர்த்து விழுந்த வாக்கைப் போல ஆதரவு மூன்று மடங்கு இருந்தால் போதும் என்பதுதான் சட்டம். 75-க்கு 25 என்றால் தீர்மானம் நிறைவேறிவிடும். தடுக்க 25-க்கு மேல் ஒரு பங்காவது வேண்டும். கம்பெனி இல்லாமல் கூட்டு வியாபாரம் என்றால் இன்னும் ஜாக்கிரதை: 1932-ஆம் வருஷச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் மாற்றி எழுதாவிட்டால் ஒரு கூட்டாளி இறந்த அன்றே கூட்டு கலைந்துவிடும். எங்கள் பத்திரத்தில் அந்த ஒரு வரி இல்லை. பேங்க் கணக்கு முடங்கிய அன்றுதான் அது தெரிந்தது.

விலைக்கும் ஒரு வழி முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். எவ்வளவு என்று எழுத வேண்டாம், எப்படிக் கணக்கிடுவது என்று எழுதுங்கள். கடைசி மூன்று வருஷ லாபத்தின் சராசரிக்கு இத்தனை மடங்கு, நிலத்துக்கு இரண்டு மதிப்பீட்டாளர்களின் சராசரி, விற்க நினைப்பவர் முதலில் உடன்பிறந்தவர்களிடம் எழுத்தில் கேட்க வேண்டும், 60 நாள் அவகாசம், பணம் இத்தனை தவணை. தவணைதான் உயிர்நாடி. தவணை இல்லாவிட்டால் வாங்குகிறவன் கடனில் விழுவான், அல்லது விற்கிறவன் வெளியாளைத் தேடுவான். அமெரிக்கா போல இங்கே இறப்பு வரி இல்லை என்று நிம்மதிப்பட வேண்டாம். தங்கை பங்கு, அம்மா பங்கு, ஆஸ்பத்திரிக் கடன் என்று ரொக்கம் தேவைப்படும் நாள் இங்கேயும் வரும். தொழிலை நடத்துகிறவர் பெயரில் ஆயுள் காப்பீடு எடுத்து அதைப் பங்கு வாங்கவென்றே ஒதுக்கி வைப்பது நான் பின்னால் கற்றுக்கொண்ட வழி.

பங்கு ஒரு பக்கம், கையெழுத்து அதிகாரம் இன்னொரு பக்கம். டான் இதை எப்போதோ கற்றுக்கொண்டார். 1957-லிருந்து பட்டி பார்க்கர் என்ற பயிற்சியாளர் அணியில் இருந்தார். வருங்காலத்துக்கான இளம் ஆட்டக்காரர்களைத் தேர்வு செய்யும் உரிமைகளை அப்படியே தூக்கிக் கொடுத்து வயதான ஆட்டக்காரர்களை வாங்குவது அவர் வழக்கம். தோற்ற கோபத்தில் ராஜினாமா செய்கிறேன் என்று மிரட்டுவதும் வழக்கம், அப்பா ஒவ்வொரு தடவையும் சமாதானம் செய்வார். 1965-ல் இனி எந்த ஆட்டக்காரர் கைமாற்றமும் தன் ஒப்புதல் இல்லாமல் நடக்கக் கூடாது என்றார் டான். பார்க்கர் ஒரு பேரத்தோடு வந்தார், டான் மறுத்தார், பார்க்கர் வழக்கம்போல ராஜினாமா என்றார். டான் ஏற்றுக்கொண்டுவிட்டார். பருவம் தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது பயிற்சியாளர் இல்லை, அந்த வருஷம் மண்ணைக் கவ்வினார்கள். ஆனாலும் அதுதான் திருப்பம் என்று நினைக்கிறேன். ஒரு வருஷ நஷ்டத்தை வைத்து இனி யார் கையெழுத்து செல்லும் என்பதை அவர் நிலைநாட்டினார். கழகமோ கடையோ, இத்தனை ரூபாய்க்கு மேல் யார் கையெழுத்து என்று எழுதாத இடத்தில் கடைசியில் சத்தமாகப் பேசுகிறவர் கையெழுத்துதான் செல்லும்.

1969-ல் அவர் சக் நோலைப் பயிற்சியாளராகக் கொண்டுவந்தார். முதல் வருஷம் ஒரு வெற்றி, பதின்மூன்று தோல்வி. அடுத்த வருஷம் 5-9, அதற்கடுத்து 6-8. இந்த மூன்று வருஷமும் வேறு எந்த முதலாளியாக இருந்தாலும் ஆளை மாற்றியிருப்பார். 1972-ல் 11-3. நோல் 23 வருஷம் இருந்தார். 1992-ல் பில் கௌஹர், 2007-ல் 34 வயது மைக் டாம்லின். 1969 முதல் 2017-ல் டான் இறக்கும்வரை மொத்தம் மூன்றே மூன்று தலைமைப் பயிற்சியாளர்கள். பொறுமை என்று இதை எல்லோரும் பாராட்டுகிறார்கள், எனக்கு வேறு மாதிரி படுகிறது. எண்ணைப் பார்த்துத்தான் காத்திருந்தார்: 1, 5, 6. ஏறிக்கொண்டிருக்கிறது. இறங்கிக்கொண்டிருந்தால் காத்திருந்திருப்பாரா என்பது சந்தேகம்தான். ஏனென்றால் தன் தம்பி விஷயத்தில் அவர் காத்திருக்கவில்லை.

தம்பி ஆர்ட் ஜூனியர்தான் ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடிக்கும் பிரிவுக்குத் தலைவர். 1974 ஆள் தேர்வில் ஸ்வான், லாம்பர்ட், ஸ்டால்வர்த், வெப்ஸ்டர் என்று நால்வரை ஒரே வருஷத்தில் எடுத்தார்கள். நால்வரும் பிற்பாடு ஆட்டத்தின் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றார்கள். அதுபோல இன்னொரு வருஷத் தேர்வு எந்த அணிக்கும் அமைந்ததாகச் சொல்ல முடியாது. அப்பேர்ப்பட்ட தம்பியை 1987 தொடக்கத்தில் டான் அந்தப் பொறுப்பிலிருந்து நீக்கினார். எண்பதுகளில் தேர்வுகள் சரியாக அமையவில்லை, பயிற்சியாளரோடும் உரசல். அப்பா அப்போது உயிரோடு இருந்தார், 85 வயது. அந்த வீட்டில் அன்று எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தாலே வயிற்றைப் பிசைகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: தம்பியின் 16 சதவீதத்தில் கை வைக்கவில்லை, துணைத்தலைவர் என்ற பதவியும் போகவில்லை, குடும்பத்தின் வேறு வேலைகளைப் பார்த்துக்கொண்டார். வேலை வேறு, சம்பளம் வேறு, பங்கு வேறு. நம் வீடுகளில் மூன்றையும் ஒரே முடிச்சாகப் போட்டு வைக்கிறோம். கடைக்கு வராத தம்பிக்கு லாபமே கிடையாது என்போம், அல்லது பங்கு இருக்கிறது என்பதற்காக வேலை தெரியாதவரைக் கல்லாவில் உட்கார வைப்போம். வேலைக்குச் சந்தைச் சம்பளம், அது செலவுக் கணக்கில். பங்குக்கு லாபம், அது வருஷக் கடைசியில். இந்த இரண்டு வரிகளைத் தனித்தனியாக எழுதிய மாசத்திலிருந்துதான் எங்கள் வீட்டில் பேச்சு பேச்சாக நடந்தது.

இனி ஸ்டால்வர்த். பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பினத்தவர் பத்திரிகையின் விளையாட்டு ஆசிரியர் பில் நன், கறுப்பினக் கல்லூரிகளின் சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலை வருஷா வருஷம் போடுவார். தன் ஊர் அணி அந்தக் கல்லூரிப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை என்ற மனத்தாங்கலில் ஸ்டீலர்ஸ் அலுவலகத்துக்கு அவர் போவதே இல்லை. டான் அவரைக் கூப்பிட்டு விசாரித்தார். நன் முகத்துக்கு நேரே குறையைச் சொன்னார், டான் அவரையே வேலைக்கு வைத்துக்கொண்டார். 1967-ல் பகுதிநேரம், அப்புறம் முழுநேரம். அலபாமா ஏ அண்ட் எம் கல்லூரியில் ஸ்டால்வர்த்தை ஓடவிட்டுப் பார்த்த அன்று தரை ஈரம், நேரம் மோசம். மற்ற அணிகளின் ஆட்கள் குறித்துக்கொண்டு கிளம்பினார்கள். நன் உடம்பு முடியவில்லை என்று சொல்லித் தங்கிவிட்டு, வேறொரு நல்ல தடத்தில் மறுபடி ஓடவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். நாலாவது சுற்றுவரை ஸ்டால்வர்த் மற்றவர்கள் கண்ணில் படவில்லை, ஸ்டீலர்ஸ் எடுத்தது. 35 வருஷம் கழித்து, ரூனி சகோதரர்கள் பங்கை விற்றபோது, அதில் ஒரு பகுதியை வாங்கிக் குடும்பத்தோடு நின்றவர் அதே ஸ்டால்வர்த். நன் போட்டது ஒரு நாள் ஓட்டல் வாடகை.

டான் பெயர் நிலைத்தது இன்னொரு விதியால். 2002-ல் 32 அணிகளில் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர்கள் இரண்டே பேர். அந்த செப்டம்பரில் இரண்டு வழக்கறிஞர்கள், ஜானி காக்ரனும் சைரஸ் மெஹ்ரியும், கறுப்பினப் பயிற்சியாளர்கள் அதிகம் ஜெயித்தும் குறைவாகவே வேலைக்கு எடுக்கப்படுகிறார்கள், சீக்கிரம் நீக்கப்படுகிறார்கள் என்று அறிக்கை வெளியிட்டு, வழக்குப் போடுவோம் என்றார்கள். லீக் ஒரு குழு போட்டது, டான் தலைவர். அந்த டிசம்பரிலேயே விதி வந்தது: தலைமைப் பயிற்சியாளர் இடம் காலியானால் சிறுபான்மை இனத்தவர் ஒருவரையாவது நேர்காணல் செய்தே ஆக வேண்டும். இவரைத்தான் எடுக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. கதவைத் திற என்றது. 2003-ல் டெட்ராய்ட் அணி யாரை எடுப்பது என்று முன்பே முடிவு செய்துவிட்டது ஊருக்கே தெரிந்திருந்தது. கூப்பிட்ட ஐந்து சிறுபான்மையினரும் ஒப்புக்கு வர மாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். நேர்காணல் நடக்கவில்லை. லீக் அணியின் தலைமை நிர்வாகிக்கு 2 லட்சம் டாலர் அபராதம் போட்டது. விதிக்குப் பல் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. 2009-ல் பொது மேலாளர் போன்ற பதவிகளுக்கும் விரித்தார்கள். ஒப்புக்கு நடத்தும் நேர்காணல் என்ற நோய் போகவில்லை என்பதும் உண்மை. 2022-ல் பிரையன் ஃப்ளோரஸ் என்ற பயிற்சியாளர் லீக் மேலும் சில அணிகள் மேலும் அதையே சொல்லி வழக்குத் தொடுத்தார். அந்த மாதமே அவரை உதவிப் பயிற்சியாளராக எடுத்துக்கொண்டது ஸ்டீலர்ஸ்.

எங்கள் கழகத்தில் இதை நாங்கள் சின்ன அளவில் வைத்திருக்கிறோம். பயிற்சியாளர் தேர்வுக்கு வெளியூர்க்காரர் ஒருவரையாவது அழைத்துப் பேச வேண்டும், நிர்வாகி வீட்டு ஆள் விண்ணப்பித்தால் அந்த நிர்வாகி அறையில் இருக்கக் கூடாது. நேர்காணல் தேதிக்கு முன்னால் பெயரை வெளியில் சொன்னால் நடைமுறையே செல்லாது. மூன்றாவது வரி டெட்ராய்ட் கதையைப் படித்தபின் சேர்த்தது.

சம்பளப் பேச்சில் ஸ்டீலர்ஸுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆட்டப் பருவம் தொடங்கிவிட்டால் ஒப்பந்தப் பேச்சு நின்றுவிடும், எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும். பருவத்துக்கு முன் முடிக்கலாம், அல்லது பருவம் முடிந்தபின். தீபாவளி வியாபாரம் சூடாக ஓடும் வாரத்தில் பங்கு பேச உட்கார்ந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். 1982-ல் ஆட்டக்காரர்கள் 57 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது பருவமே 9 ஆட்டமாகச் சுருங்கியது. உரிமையாளர் பக்கத்தில் உட்கார்ந்தும் தொழிற்சங்கத்தார் நம்பிப் பேசுகிற ஆளாக டான் இருந்தார். இரும்பாலைத் தொழிலாளிகள் தெருவில் வளர்ந்தவருக்கு அது வியப்பில்லை. 1997-ல் புது அரங்கங்களுக்காக விற்பனை வரியை அரை சதவீதம் கூட்டலாமா என்று 11 மாவட்டங்களில் வாக்கெடுப்பு வைத்தார்கள். தன் அணியை நேசிக்கிற அதே ஊர் முடியாது என்று வாக்களித்தது. பிற்பாடு வேறு வழியில் பணம் திரட்டி 2001-ல் அரங்கம் திறந்தார்கள். ஊர்ப் பாசத்தை ஊர்ப் பணம் என்று எண்ணிக் கழக பட்ஜெட் போடுகிறவர்கள் இதைச் சுவரில் ஒட்டி வைக்கலாம். நன்கொடை ரசீதுப் புத்தகம் நிறைந்தபின் மட்டுமே கோப்பைக்கு ஆர்டர் கொடுங்கள்.

டான் அப்பாவின் பழைய வீட்டுக்கே குடிவந்தார். அரங்கத்துக்கு நடந்து போகிற தூரம், பிட்ஸ்பர்க்கின் வடபகுதியில், பணக்காரர்கள் விட்டுப்போன தெரு. ஆட்டம் முடிந்து கூட்டத்தோடு கூட்டமாக வீட்டுக்கு நடந்தார். மூதாதையர் நாடான அயர்லாந்துக்காக 1976-ல் ஹைன்ஸ் நிறுவனத்தின் டோனி ஓ'ரெய்லியோடு சேர்ந்து ஒரு நிதியம் தொடங்கினார். அதே வருஷம் இளம் ஐரிஷ் எழுத்தாளர்களுக்கு ஒரு பரிசையும் ஏற்படுத்தினார், அது இன்றும் நடக்கிறது. பங்குச் சிக்கல் தீர்ந்த ஏழாம் மாதம், 2009 ஜூலையில், அந்த நாட்டுக்கே அமெரிக்கத் தூதராகப் போனார். 2012 கடைசிவரை இருந்து அந்தத் தீவின் 32 மாவட்டங்களுக்கும் நேரில் போய்வந்தார். போகும்போது வயது 77 நெருங்கிக்கொண்டிருந்தது. அணியை விட்டுப் போக முடிந்ததற்குக் காரணம் மகன் 2003-லிருந்தே தலைவர் நாற்காலியில் இருந்ததும், 30 சதவீதம் எழுத்தில் முடிந்திருந்ததும்தான்.

2017 ஏப்ரல் 13 அன்று டான் இறந்தார். ஐந்து நாள் கழித்து புனித பால் பேராலயத்தில் அடக்கச் சடங்கு, ஒபாமா வந்திருந்தார். 1988-ல் அப்பா இறந்தபோது கிடைக்காத ஒன்று இந்தத் தடவை அந்த வீட்டுக்குக் கிடைத்தது: யார் நடத்துவது, யாருக்கு எவ்வளவு என்று கேட்க எதுவும் மிச்சமில்லை.

எங்கள் புது ஒப்பந்தம் பதினொரு பக்கம். விலைக் கணக்கு ஆறாம் பக்கத்தில், தவணை ஏழில். தம்பி படித்துவிட்டு ஒரே ஒரு இடத்தில் பென்சிலால் கோடு போட்டு அனுப்பியிருக்கிறான், 60 நாள் அவகாசத்தை 90 ஆக்கணுமாம் அண்ணனுக்கு. ஆக்கியாயிற்று. அம்மா கையெழுத்து மட்டும் பாக்கி, கண் ஆபரேஷன் முடிந்து கட்டு பிரித்ததும் போடுவார்.